பொது மூக்கு

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். கடலாமை நாசி ஒப்பாய்வு நிலையத்துக்குள் உயிருள்ள ஆமை ஒன்றுகூடப் புகுந்ததில்லை. ஆகவே பழியை ஆமை மேல் போட வழியில்லை.

நான்கு மாடிக் கட்டடம் அது. ஆமைகளோ ஐந்து வகை. பேராமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, சிற்றாமை ஆகிய நான்கும் ஆளுக்கொரு மாடியை எடுத்துக்கொண்டன. மிச்சம் இருந்தது ஏழுவரி ஆமை. ஆமைகளிலேயே பெரியது, ஆழத்துக்குப் போவது, நாலு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாதது. அதை அடித்தளத்தில் போட்டார்கள். அங்கே சன்னல் கிடையாது.

நிலையத்தின் வேலை எளிது. கரை ஒதுங்கிய ஆமையின் தலை வரும். அதை ஃபார்மலினில் ஊறப்போட வேண்டும். பிறகு நெடுக இரண்டாகப் பிளந்து, நாசித் துளையிலிருந்து தொண்டை வரை போகும் பாதையை அளந்து, பொது மூக்கோடு ஒப்பிட்டு, ‘ஒத்துப்போகிறது’ என்று எழுதி மேலே அனுப்ப வேண்டும்.

பொது மூக்கு என்பது ஒரு படம். நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால் முதல் இயக்குநர் ஒரு பேராமையின் தலையைப் பிளந்து தன் கையால் வரைந்தது. நீளமான, ஒடுங்கிய, இரண்டு இடத்தில் வளைகிற பாதை. ஒவ்வொரு அறையிலும் அது மாட்டியிருக்கும். இதுவரை வந்த எல்லாத் தலைகளும் அதோடு ஒத்துப்போயிருக்கின்றன. ஒத்துப்போகாத தலை என்றால் அந்த ஆமையிடம் ஏதோ குறை என்று எழுதிவிடுவார்கள்.

கட்டடம் முழுக்க ஃபார்மலின் நெடி. மூக்கை ஆராய்கிறவர்கள் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டே ஆராய்ந்தார்கள்.

அவனுக்கும் ஆமைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெரிய கட்டடங்களுக்குக் குளிர்காற்று போகும் தகரக் குழாய்களைப் பொருத்துகிறவன். படித்தது இயந்திரவியல், வயிறு வளர்த்தது தகரத்தில். ஆமையோடு சம்பந்தம் இருந்தது அவன் மனைவிக்கு. அடித்தளத்தில் ஏழுவரி ஆமைப் பிரிவில் அவள் ஒருத்திதான் ஆள். கட்டடமே அவளை ஏழுவரி என்றுதான் கூப்பிட்டது.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகாலுக்கு, அவள் அந்த அடித்தளத்தில் இறந்தாள். ஆஸ்துமா. அறையின் காற்றை வெளியே தள்ளும் விசிறி அதற்குப் பதினோரு மாதம் முன்பே நின்றுபோயிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து காசில்லாமல் சரிசெய்து தருகிறேன் என்று அவன் எழுதிக் கொடுத்திருந்தான். பதில் வந்தது. ‘நிலையம் மூக்கு தொடர்பானது. காற்று இதன் வரம்புக்குள் வராது.’

அவள் இறந்த பிறகு வந்த கடிதம் இன்னும் சுருக்கமாக இருந்தது. ‘மேற்படி பணியாளர் பணி நேரத்தில் முன்னறிவிப்பின்றிச் சுவாசத்தை நிறுத்திக்கொண்டார்.’

முன்னறிவிப்புக்கென்று தனிப் படிவம் இருக்கிறதா என்று அவன் கேட்கவில்லை. இருக்கும்.

அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, அவளுடைய குரல். தலையைப் பிளக்கும்போது இரண்டு கையும் உறைக்குள், ஈரத்தில் இருக்கும். எழுத முடியாது. அதனால் பிளக்கிறவர்கள் பார்த்ததைப் பார்த்தபடி ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியிடம் சொல்ல வேண்டும் என்பது நிலையத்தின் வழக்கம். மற்றவர்கள் இலக்கணமாகச் சொன்னார்கள். அவள் வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினாள். துணைக்கு ஆள் இல்லாததால் கருவியையே ஆளாக்கிக்கொண்டு “ஏய்” என்று கூப்பிடுவாள். சாப்பிடும்போது இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

வேறு எங்கும் அவள் குரல் இல்லை. கல்யாண வீடியோவில் பேச்சை எடுத்துவிட்டு முழுக்கப் பாட்டுப் போட்டுவிட்டார்கள். அவள் சரிந்தபோது அவள் போன் தலைகளை அலசும் உப்புநீர்த் தொட்டியில் விழுந்தது. ஒரே வீட்டில் இருக்கிறவர்கள் பேசுவதை யார் பதிவு செய்வார்கள்?

*

திருத்தப் பிரிவு இரண்டாம் மாடியில் இருந்தது. அதன் அதிகாரியைக் கைக்குட்டை என்பார்கள். இருபத்திரண்டு வருடம் மூக்கில் கைக்குட்டை வைத்தே வேலை பார்த்து, வீட்டிலும் வைத்துக்கொண்டு, சொந்தத் தங்கை கல்யாணத்திலும் வைத்துக்கொண்டு நின்றவர்.

“நீங்க யாரு?” என்றார்.

“அடித்தளத்துல வேலை பாத்தவங்களோட வீட்டுக்காரர்.”

“அது உங்க வீட்டுல. இங்க யாரு?”

அவனுக்குத் தெரியவில்லை.

“வாரிசு. வாரிசுன்னு சொல்லணும். உக்காருங்க வாரிசு.”

உட்கார்ந்தான். கருவியோ, இல்லாவிட்டால் அதில் இருக்கும் பதிவின் நகலோ வேண்டும் என்றான்.

“தாராளமா. குடுக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல. ஆனா அதுல ஒரு பிழை இருக்கு. பிழையை வெளிய அனுப்ப மாட்டோம்.”

“என்ன பிழை சார்?”

“ஏழுவரி ஆமைக்கு மூக்குப் பாதை குட்டையா, அகலமா இருக்குன்னு சொல்லியிருக்காங்க.”

“அப்படித்தான் இருக்கா?”

“எது?”

“அந்தப் பாதை. குட்டையாவா இருக்கு?”

கைக்குட்டை அவனை இரக்கத்தோடு பார்த்தார். “தம்பி, அது கேள்வியே இல்ல. பொது மூக்கு நீளம். இது குட்டைன்னா ரெண்டுல ஒண்ணு தப்பு. பொது மூக்கு தப்பா இருக்க முடியாது. ஏன்னா அதை வச்சுத்தான் தப்பைக் கண்டுபிடிக்கிறோம்.”

“ஒப்பாய்வுன்னா வித்தியாசம் பாக்கறதுன்னு நினைச்சேன்.”

“எல்லாரும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு வேலைக்கு வர்றாங்க. வித்தியாசம் பாக்க ஆரம்பிச்சா அதுக்கு ஒரு முடிவு உண்டா? எல்லாம் ஒண்ணுதான்னு நிம்மதியா இருக்கத்தான் ஒப்பிட்டுப் பாக்கறோம். சரி. பிழையைப் பேசினவங்களே வந்து திருத்தணும். அவங்க வர முடியாத நிலைமையில இருக்காங்க.”

“செத்துப்போயிட்டாங்க.”

“நானும் அதைத்தான் சொன்னேன், மரியாதையா. அதுக்கும் வழி இருக்கு. சொத்து வாரிசுக்கு வருதில்ல? பிழையும் வரும்.”

ஒரு படிவத்தை எடுத்து அவன் பக்கம் திருப்பி வைத்தார். ‘இறந்தவர் கண்டதாகச் சொன்னது காணப்படவில்லை என்றும், அப்பிழை வாரிசுரிமைப்படி என்னைச் சேர்ந்தது என்றும், அதை என் காதால் ஐயமறக் கேட்டு உணர்ந்து நீக்கிக்கொள்கிறேன் என்றும் இதனால் உறுதி கூறுகிறேன்.’

“கையெழுத்துப் போடுங்க. நாலு பிரிவுலயும் மறுப்பில்லைன்னு எழுதி வாங்குங்க. அப்புறம் ஒரு அமர்வு. பிழையை உங்களுக்குப் போட்டுக் காட்டுவோம். ஆமா, பிழைதான்னு சொல்லிப் படிவத்தைக் குடுத்தா நகலை எடுத்துட்டுப் போகலாம். ஒரு நாளைக்கு எத்தனை பேர் அழுதுகிட்டு வர்றாங்க தெரியுமா? நான் யாரையும் கையை விரிச்சு அனுப்பினதில்ல. படிவம் குடுத்துத்தான் அனுப்புவேன்.”

*

அவள் போனதிலிருந்து அத்தை, அதாவது அவளுடைய அம்மா, அவன் வீட்டில்தான் இருந்தாள். அவனைப் பார்த்துக்கொள்ள வந்ததாகச் சொல்லிக்கொண்டாள். யாரை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பது தெளிவாக இல்லை. படிவத்தைச் சமையல் மேடையில் வைத்து, சாய்த்துப் பிடித்துப் படித்தாள்.

“மூக்கு குட்டையா இருந்தா என்ன, நெட்டையா இருந்தா என்ன? ஆமை வந்து கேக்கப் போகுதா? போட்டுக் குடுத்துட்டு வாங்கிட்டு வா மாப்ள.”

“அவ சொன்னது சரி அத்தை.”

“நீ உள்ள போய்ப் பாத்தியா?”

“பாக்க வேண்டியதில்ல. பத்து வருஷமா குழாய் போடறேன். அந்த ஆமை ரொம்ப ஆழம் போகுமாம். மேல வந்தா கொஞ்ச நேரம்தான். அதுக்குள்ள நிறைய காத்து உள்ள போகணும். குட்டையா அகலமா இருந்தாத்தான் போகும். நீளமா ஒடுக்கமா போட்டா மெஷின் செத்துடும்.”

“பெரிய காத்து நிபுணர். அந்த அறிவை வச்சு என் பொண்ணுக்கு ஒரு முழம் காத்து விட முடிஞ்சுதா உன்னால?”

அவன் தட்டைக் கழுவி வைத்தான். அவள் சொன்னதில் தவறு இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை அவனைப் பார்க்காமலேயே பேசினாள். “நேத்து மத்தியானம் அவ ‘அம்மா’ன்னு எப்படிக் கூப்பிடுவான்னு மனசுக்குள்ள சொல்லிப் பாத்தேன். என் குரல்தான் வருது. பயமா இருக்கு மாப்ள.”

அவன் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டான்.

*

நான்கு பிரிவுகளிலும் ஏறி இறங்கினான். பேராமைப் பிரிவில் கேள்வியே கேட்கவில்லை. பொது மூக்கே தங்கள் வீட்டு மூக்கு என்ற பெருமிதம் அவர்களுக்கு.

அழுங்காமைப் பிரிவின் தலைவி அவனை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, கதவைச் சாத்தினாள். “உங்க மனைவி மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா அடக்கம் பத்தாது. எங்க ஆமைக்கும் உள்ள கொஞ்சம் வேற மாதிரிதான் இருக்கு. இருபத்தாறு வருஷமா பாக்கறேன். வாயைத் திறந்தேனா? அதுதான் விஞ்ஞானம்.” முத்திரை குத்திக் கொடுத்தாள்.

பெருந்தலை ஆமைப் பிரிவில் வழி வேறாக இருந்தது. “எங்களுக்கு இந்தப் பிரச்சினையே வராது,” என்றார் அங்கே ஒருவர். “பொருந்தலன்னா உள்ள லேசா தேய்ச்சு விட்டுடுவோம்.” மேசையில் மூன்று அளவில் அரம் இருந்தது. அவன் வேலையில் தகர விளிம்பைத் தேய்க்கிற அதே அரம்.

சிற்றாமைப் பிரிவின் தலைவர் ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. நாற்காலி காலி. கடைநிலை ஊழியர் ஒருவர் நாற்காலியிடம் தலையைக் குனிந்து எதையோ கேட்டுவிட்டு, “சார் இருந்தா மறுக்க மாட்டார்,” என்று முத்திரையைக் குத்தினார்.

கீழே இறங்கி வந்தபோது முற்றத்தில் கூட்டம் நின்றது.

முற்றத்தில் பொது மூக்கைச் சிமெண்டில் கட்டி முடித்திருந்தார்கள். நாற்பது அடி நீளம். மக்கள் நாசித் துளை வழியாக நுழைந்து, இரண்டு வளைவுகளையும் கடந்து, தொண்டை வழியாக அறிவு பெற்று வெளியே வர வேண்டும் என்பது திட்டம். படத்தில் ஒடுக்கமாக இருந்ததால் சிமெண்டிலும் ஒடுக்கமாகவே கட்டியிருந்தார்கள். அன்று முன்னோட்டம். இயக்குநர்தான் முதலில் நடக்க வேண்டும். இயக்குநர் நல்ல தாட்டியான ஆள்.

நுழைந்தார். கைதட்டினார்கள். முதல் வளைவு தாண்டியதும் மறுபடி கைதட்டினார்கள். அதற்குப் பிறகு தொண்டைப் பக்கம் யாரும் வரவில்லை.

கைக்குட்டை நாசித் துளையில் குனிந்தார். “ஐயா?”

“நான் மாட்டிக்கலை,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “ஆய்வு நீடிக்குது. எழுதிக்கங்க.”

எழுதிக்கொண்டார்கள்.

“பாதை துல்லியமா இருக்கு. என் உடம்புதான் பொது அளவுக்கு வரல. இதையும் எழுதுங்க.”

இதையும் எழுதினார்கள். பிறகு வேறு குரல் வந்தது. பதவி இல்லாத குரல்.

“காத்து! காத்து வரலய்யா உள்ள!”

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். இயக்குநர் அறையிலிருந்து காலில் நிற்கும் பெரிய விசிறி ஒன்று வந்தது. கூட்ட அரங்கிலிருந்து இன்னொன்று வந்தது. மின்சாரக் கம்பி நீட்டி, நாசிப் பக்கம் ஒன்றும் தொண்டைப் பக்கம் ஒன்றும் வைத்து, இரண்டையும் உள்நோக்கி ஓடவிட்டார்கள். நான்கு நிமிடம். கோப்பு எதுவும் எழுதப்படவில்லை.

“ரெண்டு பக்கமும் ஊதினா காத்து நகராது,” என்றான் அவன். “ஒண்ணு ஊதணும், இன்னொண்ணு இழுக்கணும். அதைத் திருப்பி வைங்க.”

“யார் உத்தரவு?” என்றார் கைக்குட்டை.

“திருப்புங்கடா!” என்றது மூக்கு.

திருப்பினார்கள். அவன் சட்டையைக் கழற்றிவிட்டுத் தொண்டை வழியாகத் தவழ்ந்து போனான். இந்த மாதிரிக் குழாய்க்குள் தவழ்வதுதான் அவன் பிழைப்பு. இயக்குநரின் விலாவில் சோப்புத் தண்ணீர் விட்டு, கையை மேலே தூக்கச் சொல்லி, மூச்சை வெளியே விடச் சொல்லி, இழுத்தான். விடமாட்டேன் என்றார் இயக்குநர். இருப்பதையும் விட்டுவிட்டால் என்ன செய்வது என்று அழுதார். “விட்டாத்தான் நெஞ்சு சுருங்கும் சார். விடுங்க. நான் இருக்கேன்,” என்றான். அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டிய இடம் வேறு. சொன்ன இடம் இது.

வெளியே வந்து புல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார் இயக்குநர். சட்டை கிழிந்திருந்தது. அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “என்ன வேணும் கேளு தம்பி. எதுவா இருந்தாலும் கேளு.”

“என் மனைவியோட ஒலிப்பதிவு. நகல் போதும்.”

இயக்குநரின் முகம் மெல்ல மெல்லப் பழைய இடத்துக்குத் திரும்பியது. “நீதான் வாரிசா?” கையை விட்டார். “உணர்ச்சி வேற தம்பி, முறை வேற. காத்து இல்லாம இருக்கறது எப்படின்னு இப்ப எனக்குத் தெரியும். உன் வீட்டம்மா நிலைமையில கொஞ்ச நேரம் நானும் இருந்துட்டு வந்திருக்கேன். அந்த உரிமையில சொல்றேன். பொறுமையா இரு.”

மறுநாளே கொத்தனார் வந்தார். பாதுகாப்புக் காரணங்களுக்காகச் சிமெண்டு மூக்கின் இரண்டு வளைவுகளையும் உடைத்து எடுத்து, சுவரைத் தள்ளி, நீளத்தைப் பாதியாகக் குறைத்தார். அமர்வுக்கு வந்த அன்று அவன் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். பெயர்ப்பலகையில் ‘பொது மூக்கு’ என்றே இருந்தது.

“சார், இப்ப இது குட்டையா அகலமா இருக்கே,” என்றான் கைக்குட்டையிடம்.

“ஆமா.”

“ஏழுவரி ஆமை மூக்கு மாதிரி.”

“இருக்கலாம்,” என்றார் கைக்குட்டை. “ஆனா ஏழுவரி ஆமை மூக்கு இது மாதிரி இருக்கக் கூடாது. சீக்கிரம் வாங்க. உங்க பிழை நிலுவையில இருக்கறதாலதான் இதுக்குத் திறப்பு விழாத் தேதி குடுக்க முடியாம நிக்குது.”

*

மூன்றாம் மாடியில் நீள மேசை. இயக்குநர் நடுவில், கைக்குட்டை அவருக்கு வலப்பக்கம், பிரிவுகளின் ஆட்கள் மூவர், ஒரு காலி நாற்காலி. சிற்றாமைப் பிரிவுடையது அது. சுவரில் படம். மேசையின் கோடியில் பதிவறை அக்கா உட்கார்ந்திருந்தாள். நிலையத்தின் ஒலிப்பதிவுகள் எல்லாம் அவள் பொறுப்பு. கருவியைத் துணிப்பையில் போட்டு, அரக்கு வைத்து, மடியில் வைத்திருந்தாள்.

கையெழுத்துப் போட்ட படிவம் அவன் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

“பதிவில் பிழை உள்ள பகுதி பதினோரு வினாடி,” என்று படித்தார் கைக்குட்டை. “வாரிசு கேட்கலாம்.”

அக்கா அரக்கை உடைத்துப் பொத்தானை அழுத்தினாள்.

“…ங்க பாரேன். ஏழுவரிக்கு நீளமே இல்ல. குட்டை. ஆனா என்ன அகலம்! ரெண்டு விரல் தாராளமா போகுது. இதுக்குப் போய் அந்தப் படத்தைக் காட்டறாங்க. எழுதிக்கோ, குட்டை. அகலம்.”

அவ்வளவுதான். சமையலறையில் நின்று பேசுகிற அதே குரல். ‘என்ன அகலம்’ என்ற இடத்தில் லேசாகச் சிரித்திருந்தாள். அவன் பெயர்ப்பலகைகளையும் கடிதங்களையும் நாலு மாதமாகப் படித்துப் படித்து, அவளை ஒரு மேற்படி பணியாளராகவே நினைக்கப் பழகியிருந்தான்.

“ஐயம் தீர்ந்ததா?” என்றார் கைக்குட்டை.

கை சட்டைப் பைக்குள் போய்ப் படிவத்தைத் தொட்டது. ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

“சரியா கேக்கல சார்.”

கைக்குட்டை விரலை அசைத்தார். அக்கா மறுபடி போட்டாள்.

“இப்ப?”

“‘குட்டை’க்கு அப்புறம் ஏதோ சொல்றாங்க. அது தெளிவா இல்ல.”

மூன்றாவது முறை போட்டார்கள். நான்காவது முறை அழுங்காமைப் பிரிவின் தலைவி சன்னலைப் பார்த்தாள். ஐந்தாவது முறை முடிந்ததும் இயக்குநர், “எத்தனை தடவைன்னு விதியில இல்லையா?” என்று கேட்டார்.

“ஐயமறன்னுதான் இருக்கு ஐயா. எண் போடல.”

“யார் எழுதின விதி?”

“முதல் இயக்குநர்.”

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். அமர்வு அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது.

படிக்கட்டில் பதிவறை அக்கா அவனைப் பின்தொடர்ந்து வந்தாள். “உங்களுக்குக் காதுல ஏதாவது கோளாறா?”

“இல்லக்கா.”

“அதானே.” இரண்டு படி இறங்கினாள். “ஆரம்பம் வெட்டுப்படுது. ‘ஏய்’ விழல. அடுத்த தடவை ரெண்டு வினாடி முன்னாலிருந்து போடறேன். அங்க உக்காந்திருக்கறவங்க யாரும் கவனிக்க மாட்டாங்க. முதல் தடவைக்கு மேல எதையும் கேட்டுப் பழக்கம் இல்ல அவங்களுக்கு.”

வீட்டில் அத்தை வாசலிலேயே நின்றாள். “எங்க நகல்?”

“குடுக்கல.”

“கையெழுத்துப் போட்டியே?”

“போட்டேன். குடுக்கல.” படிவத்தை எடுத்து மேடையில் வைத்தான். “அஞ்சு தடவை கேட்டேன் அத்தை.”

அத்தை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தான்.

“அடுத்தது எப்ப?” என்றாள்.

*

இரண்டாம் அமர்வுக்கு அவளும் வந்தாள். இஸ்திரி போட்ட புடவை.

“இவங்க?” என்றார் கைக்குட்டை.

“இறந்தவங்க அம்மா.”

“இணை வாரிசு,” என்று எழுதிக்கொண்டார்.

அக்கா பொத்தானை அழுத்தினாள். இந்த முறை “ஏய்” முழுசாக விழுந்தது. அத்தை மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். முடிந்ததும் கைக்குட்டை அவள் பக்கம் குனிந்தார்.

“புரிஞ்சுதாம்மா? உங்க பொண்ணு என்ன தப்புப் பண்ணியிருக்காங்கன்னு?”

“எனக்குக் காது மந்தம் சார்,” என்றாள் அத்தை. மூன்று சுவர் தாண்டிப் பால் பொங்குவது கேட்கிற காது அது. “இன்னொரு தடவை போடுங்களேன். வயசானவ.”

மாதாமாதம் அமர்வு நடந்தது. நிலையம் எதற்கும் பழகிக்கொள்ளும். அவர்கள் இருவருக்கும் அட்டை கொடுத்தார்கள். அவன் அட்டையில் ‘வாரிசு (தொடர்)’ என்று இருந்தது. வருகைப் பதிவேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கினார்கள். அவர்கள் ஒரு மாதம் கால் மணி நேரம் தாமதமாக வந்தபோது விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. சிமெண்டு மூக்கைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். அதற்குள் நாய் ஒன்று குட்டி போட்டது. குட்டிகள் நன்றாக வளர்ந்தன. உள்ளே காற்றோட்டம் இருந்தது.

அடித்தளத்துக்குப் புது ஆள் வந்திருந்தான். சின்னப் பையன், கல்லூரியை விட்டு நேராக வந்தவன். ஒருநாள் படிக்கட்டில் இருமிக்கொண்டு எதிரே வந்தான். விசிறி ஓடுகிறதா என்று அவன் கேட்டான். கேட்டு எழுதியிருப்பதாகப் பையன் சொன்னான். ஏழுவரி ஆமையின் மூக்கு எப்படி இருக்கிறது என்று அவன் கேட்டான். பையன் மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஒத்துப்போகுது சார்,” என்றான்.

ஏழாவது அமர்வில் கைக்குட்டை வழக்கத்தைவிடக் கனிவாக இருந்தார். கைக்குட்டையைக்கூட ஒரு நிமிடம் இறக்கி வைத்தார்.

“தம்பி, உங்களுக்கு என்ன வயசு ஆகுது?”

“முப்பத்திரண்டு.”

“அம்மாவுக்கு?”

“அறுபத்தொண்ணு,” என்றாள் அத்தை.

“உடம்பெல்லாம் எப்படி?”

“இருக்கு.”

“தம்பிக்கு அப்புறம் வாரிசு யாரு? குழந்தை குட்டி?”

“யாரும் இல்ல.”

கைக்குட்டை ஒரு தாளில் கூட்டிக் கழித்துப் பார்த்து, அதை இயக்குநரிடம் நகர்த்தினார். இயக்குநர் படித்தார். முகம் தெளிந்தது. எழுந்து நின்று பேசினார்.

“நாம யாரையும் கட்டாயப்படுத்தறவங்க இல்ல. ஆமை நூறு வருஷம் இருக்கும்னு சொல்றாங்க. அதோட மூக்கைப் படிக்கிறவங்களுக்கு ஏன் அவசரம்? வாரிசு இருக்கற வரைக்கும்தான் பிழை இருக்கும். வாரிசு இல்லன்னா பிழையும் இல்ல. தானா தீரும். இந்த நிலையம் எத்தனையோ பேரைப் பாத்திருக்கு. எல்லாரையும் தாண்டி நின்னுருக்கு.”

‘வாரிசுகளின் இயற்கையான முடிவுவரை காத்திருக்கலாம்’ என்று கோப்பில் எழுதினார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். காலி நாற்காலிக்காகக் கடைநிலை ஊழியர் முத்திரை குத்தினார்.

“உங்களுக்கு இதுல மறுப்பு எதுவும் இல்லையே?” என்றார் கைக்குட்டை.

அவன் அத்தையைப் பார்த்தான். அவள் காதை ஏற்கெனவே மேசைப் பக்கம் திருப்பியிருந்தாள்.

“இல்ல சார்,” என்றான். “போடுங்க.”

பதிவறை அக்கா அவர்களைப் பார்க்காமல் பொத்தானை அழுத்தினாள். மாதத்துக்கு இரண்டு வினாடியாகப் பின்னால் போய்ப் போய், இப்போது அவள் எங்கிருந்து தொடங்குகிறாள் என்று அவனுக்கே தெரியாது. பதிவில் குழாய்த் தண்ணீர் விழுந்தது. ஏதோ உலோகம் தட்டில் வைக்கப்பட்டது. அவன் மனைவி இருமினாள். வரிசையாக, விடாமல், மேசையின் இந்தப் பக்கம் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்கு இருமினாள்.

“இரு,” என்றாள் கருவியிடம். “கொஞ்சம் மூச்சு வாங்கிக்கறேன்.”

அறையில் இருந்த அத்தனை பேரும் காத்திருந்தார்கள்.